வீட்டில் பட்ட காயம்

பால் டின்னைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் விரலை வெட்டியது. கொழுந்து வெட்டுகிற கத்திரியில் பட்டிருக்கலாம். மழையில் ஊறிய சரிவில் வழுக்கி விழுந்து, வெட்டிவிட்ட தேயிலைக் கட்டையில் குத்தியிருக்கலாம். அந்த மலையில் கை கால் கெடுவதற்கு வழியா இல்லை! எனக்கு வாய்த்தது ஒரு காலி டின்.

எழுபதுகளின் பின்பாதி அது. மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் அதே தோட்டத்துத் தொழிற்சாலையில், பச்சைக் கொழுந்தை வாட்டுகிற மாடியில் வேலை. மகள் தவழ ஆரம்பித்திருந்தாள். அவளை, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் இருந்த பிள்ளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு நான் காட்டுக்குப் போவேன். அந்தக் காலத்திலேயே எங்கள் பக்கம் விரலால் கிள்ளுவது குறைந்துவிட்டது. பெரிய கத்திரி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதன் ஒரு அலகில் தட்டு மாதிரி ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். இரண்டு கையாலும் கைப்பிடியை இறுக்கி மூடினால் கொழுந்து அறுந்து தட்டில் விழும். அப்படியே தோளுக்கு மேலாகத் தூக்கி முதுகுக் கூடையில் கொட்ட வேண்டும். நான் நல்ல வேலைக்காரி. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கங்காணியே சொல்வார், என் நிரையில் அவர் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டு முடித்து, லயத்துக்குப் பொதுவான குழாயடியில் பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன். டின் பால் தீர்ந்திருந்தது. காலி டின்னை அரிசி அளக்க வைத்துக்கொள்ளலாம் என்று, கத்தியால் சுற்றிலும் குத்தி மூடியை முக்கால்வாசி திறந்திருந்தேன். மூடி ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் கழுவியிருக்கலாம். உள்ளே ஒட்டியிருந்த பாலை வழிக்க வலது கையை விட்டுத் திருப்பினேன். சுருக்கென்றது. கையோடு உள்ளே மடங்கியிருந்த மூடி, கையை இழுத்தபோது இன்னும் ஆழமாக இறங்கியது.

பார்த்தால் பெரிய காயமில்லை. ஆள்காட்டி விரலின் உள்பக்கம், நடுக்கணுவுக்குக் கீழே குறுக்கே ஒரு கோடு. இரத்தம் கூட அப்படியொன்றும் கொட்டவில்லை. எதிர்வீட்டு அக்கா பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்தார். அவர்தான் என் கையைப் பிடித்துத் தூக்கி, தன் முந்தானையால் விரலைச் சுற்றினார்.

"காப்பித்தூள் வச்சு அமுக்கலாமாக்கா?" என்று கேட்டேன்.

"வேணா தங்கச்சி. டின்னு வெட்டுனது துரு ஏறிரும். டிரசர்கிட்ட காட்டிரு."

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நானும் வீட்டுக்காரரும் கிளம்பினோம்.

எங்கள் தோட்டத்து மருந்தகம் ஒரே ஒரு நீள அறை. டிரசர் ஐயா அதை ஒட்டிய குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். டிரசர் என்றால் டாக்டர் இல்லை. காயத்துக்கு மருந்து கட்டுவது, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது, ஊசி போடுவது, யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்வது, எல்லாம் அவர்தான். எங்களுக்கு அவர் டாக்டருக்கும் மேல். டாக்டரைப் பார்க்க வேண்டுமானாலும் அவர் வழியாகத்தான் போக வேண்டும். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். என் மகள் பிறந்த சமயத்தில் வலி கண்டு நான் கிடந்தபோது, மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்தவர் அவர்.

அன்று அவர் வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. நாங்கள் வாசலில் நின்று கூப்பிட்டோம். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்னா?"

"வெரல வெட்டிக்கிச்சுங்கய்யா," என்றார் வீட்டுக்காரர்.

"எங்க பட்டுச்சு? வேலக் காட்டுலயா, வூட்டுலயா?"

என் வீட்டுக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையானாலும் சில சமயம் மேல்வேலை இருக்கும். காட்டில் பட்டது என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்தது. நானே சொல்லிவிட்டேன்.

"வூட்டுலதாங்கய்யா. பால் டின்னு."

"பால் டின்னா!" என்றார் டிரசர். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. திட்டவில்லை. அலுத்துக்கொண்டார்.

மருந்தகத்தைத் திறந்தார். முந்தானைத் துணியைப் பிரித்தார். பஞ்சில் மஞ்சள் மருந்தை நனைத்துத் துடைத்தார். எரிச்சலில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போதுதான் கவனித்தேன். மற்ற விரல்களைச் சுருக்கினால் சுருங்குகின்றன. அந்த ஒரு விரல் மட்டும் என் பேச்சைக் கேட்காமல் நீட்டிக்கொண்டு நின்றது. மடக்கப் பார்த்தேன். மடக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அங்கே ஒன்றும் நடக்கவில்லை. இருட்டில் மாடிப்படியின் கடைசிப் படி இருக்கிறதென்று காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"ஐயா, வெரலு மடங்க மாட்டேங்குதுங்க."

"வெட்டுப்பட்ட வெரலு எப்படி மடங்கும்? வீக்கம். வலி. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

"வலிக்கல ஐயா. மடங்கத்தான் மாட்டேங்குது."

அவர் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

வீட்டுக்காரர் குறுக்கே பேசினார். "ஐயா, குரூப் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சு ஒரு தடவ காட்டிட்டா நல்லாருக்கும்."

"வேன் வேலக் காயத்துக்குத்தான்யா. டிரைவரும் இன்னைக்கு லீவு. வூட்டுல பால் டின்னு வெட்டுனதுக்கெல்லாம் வேன் குடுத்தா ஆபீஸ் கிராணி என்னையத்தான் கேப்பாரு. நாளைக்குத் துரை கேப்பாரு. நீங்களா போறதுன்னா போங்க. நான் வேணாங்கலே."

"அப்ப ஒரு சூராட்டாச்சும் எழுதிக் குடுங்கய்யா," என்றார் வீட்டுக்காரர். ஆஸ்பத்திரியில் காட்டுகிற கடிதத்தை அப்படித்தான் சொல்வோம்.

"இந்தக் காயத்துக்கா?" என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்தார்.

குரூப் ஆஸ்பத்திரி என்பது நாலைந்து தோட்டங்களுக்குப் பொதுவாக, மலைச்சாலையில் சில மைல் கீழே இருந்தது. நடந்து போகிற தூரமில்லை. தோட்டத்து எல்லையில் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், கோஸ் பயிரிட்டிருந்தார். மாலையில் அவருடைய லோரி காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்கும். வீட்டுக்காரர் ஓடிப்போய் அவரிடம் கேட்டார். தவுக்கே என் கையைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் லோரியின் முன்பக்கக் கதவைத் திறந்துவிட்டார். அன்று முழுவதும் எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காத மனிதர் அவர் ஒருவர்தான்.

ஆஸ்பத்திரி வெராந்தாவில் ஒரு நீளமான பெஞ்சு. எங்களுக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் போன பிறகு, வெள்ளைச் சட்டை போட்ட உதவியாளர் ஒருவர் தலையை வெளியே நீட்டினார். தமிழர்தான்.

"எந்த எஸ்டேட்? சூராட் இருக்கா?"

"இல்லீங்க. டிரசர் குடுக்கல."

"சூராட் இல்லாம ஞாயித்துக்கெழம பாக்க மாட்டோம். எமர்ஜென்சி மட்டுந்தான். இது எமர்ஜென்சியா?"

அந்த வார்த்தைக்கு என்ன பதில் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. எமர்ஜென்சியா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தானே வந்திருக்கிறோம். வீட்டுக்காரர், "தெரியலீங்க, நீங்கதான் பாத்துச் சொல்லணும்," என்றார். உதவியாளர் அதை எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொண்டார். "உக்காருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர் வரவேயில்லை.

வெளியே பனி இறங்க ஆரம்பித்தது. எதிரே இருந்த மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரம் தாண்டிவிட்டது. மார்பு கட்டிக்கொண்டு கல் மாதிரி ஆனது. பிறகு பால் தானாகக் கசிந்து ரவிக்கை நனைந்தது. அந்தக் குளிரில் ஈர ரவிக்கையோடு, இடது கையால் சேலையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரல் வலிக்கவில்லை. மார்புதான் வலித்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு வேறு எங்கோ வலிக்கிறது என்று நினைத்தபோது, அழுகைக்குப் பதில் ஒரு வெறுப்பு வந்தது. எழுந்து போய்விடலாம் என்றேன். வீட்டுக்காரர், "இவ்வளவு தூரம் வந்துட்டோம். இருலா," என்றார்.

இருட்டுவதற்குச் சற்று முன்பு உதவியாளர் கூப்பிட்டார். ஒரு மேசையில் கையை வைக்கச் சொன்னார். கட்டைப் பிரித்தார். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார். மரத்துப்போக ஊசி போட்டார். தைக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, இந்த வெரலு மடங்கலண்ணே. வெட்டுனதுலேர்ந்தே மடங்கல."

"மருந்து ஊசி போட்டிருக்கு. மரத்துருக்கு. எப்படி மடங்கும்?"

"ஊசி போடுறதுக்கு முன்னாடியே மடங்கல."

"தையல் போடுறப்ப பேசாதம்மா. ஊசி கோணிக்கும்."

அப்போது டாக்டர் அந்த வழியாக வந்தார். வீட்டுக்குப் போகிற அவசரம் போலிருக்கிறது, காரின் சாவி கையில் இருந்தது. வாசலில் நின்று இங்கிலீஷில் ஏதோ கேட்டார். உதவியாளர் தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னார். அதில் 'ஸ்மோல்' என்ற சொல் எனக்குப் புரிந்தது. எப்படியாவது டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, மலாயும் அவசரத்துக்கு வாயில் வரவில்லை. தையல் பாதியில் இருந்த கையை மேசையிலிருந்து தூக்கி அவர் பக்கமாக நீட்டினேன். நூல் விரலிலிருந்து தொங்கியது. நான் வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். தலையை அசைத்து, சிரித்த முகமாகவே போய்விட்டார். உதவியாளர் என் மணிக்கட்டைப் பிடித்து மேசையில் அழுத்தினார்.

வெளியே வந்தபோது, மேலே போகிற லோரி ஒன்று நிறுத்தி ஏற்றிக்கொண்டது. பின்பக்கம் காலிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தோம். வீட்டுக்காரர் தன் சட்டையைக் கழற்றி என் மேல் போர்த்தினார். வீட்டில் பிள்ளை அழுது அழுது ஓய்ந்து, அக்காவின் மடியில் விக்கிக்கொண்டிருந்தாள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தும் குடிக்கவில்லை என்றார் அக்கா. ஒரு கையால் பிள்ளையை வாங்கினேன்.

தையல் பிரிக்கிற நாள் வரைக்கும் டிரசர் ஐயாவிடமே போய்க் கட்டு மாற்றிக்கொண்டேன். காயம் சீக்கிரமே ஆறிவிட்டது. சீழ் பிடிக்கவில்லை. தையலைப் பிரித்துவிட்டு, "பாத்தியா, எவ்வளவு சுத்தமா ஆறிருக்கு," என்றார். ஆமாம், சுத்தமாகத்தான் ஆறியிருந்தது. மெல்லிய வெள்ளைக் கோடு. அதன் மேலே விரல் குச்சி மாதிரி நின்றது.

தேங்காயெண்ணெய் போட்டு உருவச் சொன்னார். ரப்பர் பந்து வாங்கி அமுக்கச் சொன்னார். உருவினேன், அமுக்கினேன். மூன்று விரலும் கட்டைவிரலும்தான் பந்தை அமுக்கின. அந்த விரல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

வேலைக்குத் திரும்பினேன். கத்திரியைப் பிடித்த முதல் நாளே தெரிந்துவிட்டது. கைப்பிடியைச் சுற்றி விரல் வளைய மறுத்தது. பிடி சறுக்கியது. மற்ற விரல்களால் இறுக்கிப் பிடித்தால், கொஞ்ச நேரத்தில் முன்கை முழுவதும் பிடித்துக்கொண்டது. நிரையில் பின்தங்கினேன். என் தட்டிலிருந்து கொழுந்து கூடைக்குள் விழாமல் தரையில் கொட்டியது. கங்காணி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள், "என்னாம்மா, கை சரியாப் போச்சுன்னு டிரசரு சொன்னாரே," என்றார்.

"மடங்கலீங்க கங்காணி."

"அப்ப வா, போய்க் கேப்போம்."

மருந்தகத்தில் அப்போது நாலு பேர் மருந்துக்கு நின்றார்கள். எதிர்வீட்டு அக்காவும் இருமலுக்கு மருந்து வாங்க வந்திருந்தார். கங்காணி விஷயத்தைச் சொன்னார். டிரசர் ஐயா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் வலது கையைப் பிடித்தார். தன் விரல்களால் என் விரலைப் பிடித்து மெதுவாக மடக்கினார். அது மடங்கியது. நுனி உள்ளங்கையைத் தொட்டது.

"மடங்குதா?" என்று கங்காணியைக் கேட்டார்.

"மடங்குதே," என்றார் கங்காணி.

"நீங்க மடக்குறீங்க ஐயா. நானா மடக்கினா..."

"வெரலு ஒண்ணுதான்மா. நான் மடக்குனா மடங்குறது நீ மடக்குனா ஏன் மடங்காது? எலும்பு நல்லாருக்கு, மூட்டு நல்லாருக்கு. பயம். இல்லாட்டி சோம்பேறித்தனம்."

அவர் கையை விட்டார். விரல் மெதுவாகத் தன் இடத்துக்குப் போய் நீட்டி நின்றது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பார்த்தும், அவர்கள் பார்த்தது வேறு. மடங்கிய விரலைத்தான் பார்த்தார்கள், பிறகு நான் அதை வேண்டுமென்றே நீட்டினேன் என்று நினைத்தார்கள். அங்கே எல்லார் முன்னாலும் மடக்கினேன். என் உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி மடக்கினேன். கழுத்து நரம்பு புடைத்திருக்கும். மற்ற மூன்று விரல்களும் உள்ளங்கையில் நகம் பதிகிற அளவுக்கு மடங்கின. அது அசையவில்லை.

"நடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணும்லா," என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

கங்காணி என்னைப் புல்லு வெட்டுகிற கும்பலில் போட்டார். கத்திரி பிடிக்கிற வேலையை விடச் சம்பளம் குறைவு. ஆனால் லேசான வேலை என்று பெயர். அதுதான் பேச்சானது. லேசான வேலைக்காகக் கையைக் காட்டி ஏமாற்றுகிறாள். குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுபோகும். ஒருநாள் பொறுக்க முடியாமல் அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, நீங்களுமா அப்படி நெனைக்கிறீங்க?"

அவர் துணியைப் பிழிந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நான் ஒண்ணும் நெனைக்கல தங்கச்சி. ஆனா நானும் பாத்தேனே. அவரு மடக்குறப்ப மடங்குச்சே."

அன்று இரவு சாப்பிடும்போது நானே என்னைச் சந்தேகப்பட்டேன். சோற்றைப் பிசைந்து உருட்டும்போது அந்த விரல் மட்டும் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உண்மையிலேயே பயந்தானா? என் மனசுதான் மடக்க விடாமல் தடுக்கிறதா? அத்தனை பேர் ஒன்றையே சொன்னால், நம் உடம்பைப் பற்றி நமக்குத் தெரிந்ததும் ஆட்டம் காண ஆரம்பித்துவிடுகிறது.

வீட்டுக்காரர் மட்டும் ஒரு தடவை கூடச் சந்தேகப்படவில்லை. ஏன் என்று பிற்பாடு கேட்டேன். "நீ தூங்குறப்ப பாத்தேன்," என்றார். "தூங்குறப்ப எல்லா வெரலும் சுருண்டு இருக்கும். அது மட்டும் நீட்டிக்கிட்டே இருந்துச்சு. தூக்கத்துல எவ நடிப்பா?"

மழைக்காலம் முடிந்த பிறகு அவர் லீவு போட்டு என்னை ஈப்போவுக்குக் கூட்டிப்போனார். தானா ராத்தாவிலிருந்து பஸ் ஏறித் தாப்பாவில் இறங்கி, அங்கிருந்து வேறு பஸ். வளைவுகளில் பிள்ளை வாந்தியெடுத்துக்கொண்டே வந்தாள். கீழே இறங்க இறங்கச் சூடு ஏறியது. மலையில் போடுகிற கம்பளிச் சட்டையோடு ஈப்போவில் இறங்கி நின்றோம். யாரோ சொல்லியிருந்த ஒரு டாக்டரிடம் போனோம். சீனப் பெண். என்னை விட அதிக வயதிருக்காது. மலாயில் பேசினார். வீட்டுக்காரர்தான் எனக்குத் தமிழில் சொன்னார்.

அந்த டாக்டர் முதலில் காயத்தைப் பார்க்கவேயில்லை. தன் கையை என் முன்னால் நீட்டி, விரல்களை மடக்கிக் காட்டி, இதே மாதிரி செய் என்று சைகை செய்தார். செய்தேன். மூன்று விரல் மடங்கின, ஒன்று நின்றது. என் விரலின் நடுப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொன்னார். ஒன்றும் அசையவில்லை. பிறகு உள்ளங்கையை அழுத்தித் தேடினார். ஒரு இடத்தில் நிறுத்தி, என் மற்றக் கையின் விரலை எடுத்து அங்கே வைத்தார். தோலுக்கு அடியில் சின்ன உருண்டை ஒன்று தட்டுப்பட்டது. எனக்கு அது அங்கே இருப்பதே தெரியாது.

"அங்கதான் இருக்காம்," என்றார் வீட்டுக்காரர். "வெரல இழுக்கிற நரம்பு. வெட்டுப்பட்டு, இழுத்துக்கிட்டு உள்ளங்கைக்குப் போயிருச்சாம்."

நான் அந்த உருண்டையை அழுத்திக்கொண்டே இருந்தேன். நடிப்பு இல்லை. பயம் இல்லை. அறுந்திருக்கிறது. முதலில் வந்தது சந்தோஷந்தான், வெட்கமாக இருக்கிறது சொல்ல. பிறகுதான் வீட்டுக்காரர் டாக்டரிடம் கேட்டதற்குப் பதில் வந்தது.

வெட்டுப்பட்ட சில நாளுக்குள் வந்திருந்தால் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருக்கலாம். இப்போது அது சுருங்கிவிட்டது. வேறு இடத்திலிருந்து நரம்பெடுத்து வைக்க வேண்டும். ஒரு தடவை அறுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, மறுபடியும் அறுக்க வேண்டும். அப்படியும் முழுசாக மடங்கும் என்று சொல்ல முடியாது. கோலாலம்பூர் போக வேண்டியிருக்கும். அதுவரைக்கும் அந்தக் கையால் வேலை செய்யக் கூடாது.

டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். வீட்டுக்காரர் அதை எனக்குச் சொல்லாமல் நின்றார்.

"என்னா கேக்கறாங்க?"

"முதல்ல பாத்தவங்க மடக்கிக் காட்டச் சொல்லலையான்னு கேக்கறாங்க."

இல்லை என்று தலையை ஆட்டினேன். டாக்டர் மேசையில் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். என் மகளின் கன்னத்தைத் தொட்டுச் சிரிக்கப் பார்த்தார். அவள் பயந்து என் மேல் ஒட்டிக்கொண்டாள்.

கோலாலம்பூருக்கு நாங்கள் போகவில்லை. பேசிப் பார்த்தோம். பேச்சு எங்கே சுற்றினாலும், பிள்ளையை யார் பார்ப்பது, வேலைக்குப் போகாவிட்டால் வீட்டை விடச் சொல்லிவிடுவார்களோ என்ற இடத்துக்கே வந்து நின்றது. பிறகு பேசுவதை விட்டுவிட்டோம்.

ஈப்போவிலிருந்து வந்த மறுநாள் வீட்டுக்காரர் டிரசர் வீட்டுக்குப் போனார். நான் தடுத்தேன், கேட்கவில்லை. சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன். சீக்கிரமே திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்தார்.

"என்னா சொன்னாரு?"

"அன்னைக்கு மடங்குச்சேங்கறாரு."

"மடங்கலன்னு நான் சொன்னேனே. நீங்களும் பக்கத்துல நின்னீங்களே."

"சொன்னேன். 'நான் பாத்தேன்யா, மடங்குச்சு, பிற்பாடு அறுந்திருக்கும்'கறாரு. பொய் சொல்ற மாதிரியே இல்ல. நம்பிக்கிட்டுச் சொல்றாரு." அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, "கடசியா என்னா கேட்டாரு தெரியுமா? 'வூட்டுல பட்ட காயந்தானேயா, எஸ்டேட்ட ஏன் இழுக்கறே'ன்னு கேட்டாரு," என்றார்.

தொழிற்சங்கத்துக்காரர் ஒருவரிடமும் சொல்லிப் பார்த்தோம். அவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். வேலையில் பட்டதா, வீட்டில் பட்டதா?

விஷயம் லயத்தில் பரவியது. நடிக்கிறாள் என்ற பேச்சு நின்றது. யாரும் வந்து தப்பாகப் பேசிவிட்டோம் என்று சொல்லவில்லை. எதிர்வீட்டு அக்கா மட்டும் ஒரு நாள் காலையில் என் அழுக்குத் துணி வாளியைக் கேட்காமலே எடுத்துப்போய்த் துவைத்துக் காயப் போட்டார். மறு வாரமும் எடுத்துப்போனார். ஈரத் துணியைப் பிழிய அந்தக் கையால் முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் தடுக்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை.

எனக்கு அந்த டிரசரை இனி பார்க்கவே கூடாது என்று இருந்தது. மருந்தகத்துப் பாதையை விட்டு, சுற்றிக்கொண்டு காட்டுக்குப் போவேன். அது கொஞ்ச காலந்தான் நடந்தது. ஒரு விடியற்காலையில் மகளுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. கண் செருகியது. கை கால் உதறியது. தோட்டத்தில் வேறு யாரிடம் போவது? தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அவர் உடனே கதவைத் திறந்தார். பிள்ளையை என் கையிலிருந்து வாங்கி மேசையில் கிடத்தினார். சட்டையைக் கழற்றி ஈரத் துணியால் உடம்பு முழுவதும் துடைத்தார். அவர் மனைவியை எழுப்பி வெந்நீர் வைக்கச் சொன்னார். மருந்தைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டார். பிள்ளை வீறிட்டு அழும் வரைக்கும் அவர் உட்காரவேயில்லை. "அழுவுறா, இனிப் பயமில்ல," என்றார். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது, அந்தக் குளிரிலும்.

பிள்ளையைத் திரும்ப வாங்கும்போது என் வலது கை அவர் முகத்துக்கு நேராக நீண்டது. விரல் அவரைச் சுட்டுகிற மாதிரி நின்றது. நான் வேண்டுமென்று செய்யவில்லை, அது அப்படித்தான் நிற்கும். அவர் அதைப் பார்த்தார். பிறகு மருந்துப் புட்டியின் மூடியைத் தேடிக் குனிந்தார். வெகுநேரம் தேடினார்.

ஏதாவது சொல்லுவார் என்று நின்றேன். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை கொடு என்று மட்டும் சொன்னார்.

"நன்றிங்கய்யா," என்றேன்.

அந்த நன்றி பொய்யில்லை. வாயிலிருந்து வந்த அதே நேரத்தில் தொண்டையில் கசந்ததும் பொய்யில்லை. இரண்டையும் ஒன்றாக விழுங்கிக்கொண்டு பிள்ளையோடு வெளியே வந்தேன். பேர் கொடுத்து வேலை பிரிக்கிற காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். கங்காணி என்னைப் பார்த்து, இன்று வேலைக்கு வருகிறேனா என்று கேட்டார். பிள்ளைக்கு முடியவில்லை என்றேன். தலையாட்டினார்.

எண்பதுகளின் நடுவில் தோட்டத்தை விட்டு கம்போங் ராஜா பக்கம் ஒரு பூத்தோட்டத்துக்கு வந்தோம். அது வரைக்கும் புல்லு வெட்டும் கும்பலில்தான் இருந்தேன். அதற்கு முன்பே டிரசர் ஐயா ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் புறப்பட்ட நாளில் மாலை போட்டு வழியனுப்பினார்கள். வீட்டுக்காரர் போகவில்லை. நான் போனேன், கூட்டத்தின் பின்னால் நின்றேன். அவர் பேசும்போது இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்கு மருந்து கட்டியிருக்கிறேன், ஏதாவது குறை இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொன்னார். எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். சிலர் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. மகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரமாகிவிட்டது என்று, பேச்சு முடிவதற்குள் கிளம்பிவிட்டேன்.